முதற் கவளத்திற்குப் பின்



கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது பெஹாலா. 1984ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லைக்குள் சேர்க்கப்பட்ட பகுதி இது. இன்று அச்சாலையின் மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. அடுக்குமாடி வீடுகளும் பழைய ஓட்டு வீடுகளும் குடிசைப் பகுதிகளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன.

அங்கு எந்தத் தெருவிலும் ஒரு விழாவைக் காணலாம். வங்காளிகள் அதனை ‘முகே பாத்’ என்பார்கள். ‘வாயில் சோறு’ என்பது அதன் பொருள். நாம் அன்னப்பிராசனம் என்றும் சோறூட்டல் என்றும் சொல்லும் அதே சடங்குதான். ஆண் குழந்தையாயின் ஆறு அல்லது எட்டாம் மாதம், பெண் குழந்தையாயின் ஐந்து அல்லது ஏழாம் மாதம் என்பது மரபு. குழந்தைக்குப் புத்தாடை உடுத்தித் தலையில் சிறு கிரீடம் சூட்டுவார்கள். தாய்மாமன் மடியில் இருத்திப் பாயசத்தை முதன்முதலாக வாயில் இடுவார். ஏழையானாலும் செல்வரானாலும் இயன்ற அளவில் இவ்விழாவை நடத்தாத குடும்பம் அரிது.

இன்று உங்களோடு நான் பேச விரும்புவது இவ்விழாவைப் பற்றி அல்ல. விழா முடிந்த மறுநாளைப் பற்றி. முதற் கவளத்தை ஊரே கூடிக் கொண்டாடுகிறது. இரண்டாவது கவளம் என்ன, நூறாவது கவளம் என்ன, அது எவ்வளவு கெட்டியாக இருந்தது, யார் ஊட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம்முடைய திட்டங்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. குழந்தை வளர்ச்சிப் பணியில் இறங்கப்போகும் மாணவர்களும், அப்பணியை மேற்பார்வையிடும் அலுவலர்களும் இந்தக் கேள்வியைத் தம்முடையதாக ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆறாம் மாதத்தின் அவசரம்

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது, தண்ணீர்கூட வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இதனைத் தீர்மானமாக ஏற்றது. ஆறு மாதத்திற்குப் பிறகு நிலைமை மாறிவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது உடலில் சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறத்தாழத் தீர்ந்துவிடுகிறது. வளர்ச்சிக்கு வேண்டிய சக்தி முழுவதையும் தாய்ப்பால் மட்டுமே தர இயலாது. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கிலோ கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கிலோ கலோரியும் இணை உணவிலிருந்து வரவேண்டும். தாய்ப்பால் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர வேண்டும்.

இந்த இணை உணவு கிடைக்காத குழந்தை உடனே இறந்துவிடுவதில்லை. அதனால்தான் இக்குறை நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அதன் உயரம் பின்தங்கத் தொடங்குகிறது. 54 நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, குழந்தைகளின் உயரம் 24 மாதம் வரை வேகமாகப் பின்தங்கி, அதன் பிறகு பெரிதும் மீள்வதில்லை என்று காட்டியது. ஆகவே மூன்று வயதில் பள்ளி முன்பருவக் கல்விக்காக அங்கன்வாடிக்கு வரும் குழந்தையிடம் நாம் காணும் குட்டை உருவம், பெரும்பாலும் அது அங்கு வருமுன் வீட்டிலேயே நேர்ந்துவிட்ட ஒன்று.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மேற்கு வங்காளத்தில் இது 33.8 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். அதே ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவர்கள் 45.9 சதவீதத்தினரே. ஆறு முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதத்தினர் மட்டுமே. அதாவது ஒன்பது குழந்தைகளில் ஒன்று. எஞ்சிய எட்டும் வறுமைக் கோட்டிற்குக் கீழே உள்ள வீடுகளில் மட்டும் பிறந்தவை அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரு வீடுகள், ஒரே குறை

பெஹாலா போன்ற ஓர் இடத்தில் இது எப்படி நிகழ்கிறது? இரண்டு வகையான வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, குடிசைப் பகுதியில் ஓர் அறை கொண்ட வீடு. தாய் காலை ஆறு மணிக்கே பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கப் புறப்பட்டுவிடுகிறாள். குழந்தை பாட்டியிடமோ எட்டு வயது அக்காளிடமோ இருக்கிறது. அவர்கள் கொடுப்பது பார்லிக் கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, அல்லது வடித்த சோற்றின் நீர். கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், செரிக்காது என்ற அச்சம். எனவே நீராளமாகக் கரைத்துப் புட்டியில் ஊற்றிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அடுக்குமாடியில் மூன்று அறை கொண்ட வீடு. பொருளுக்குக் குறைவில்லை. பருப்பும் அரிசியும் காய்கறியும் மீனும் சேர்த்துக் கிச்சடி வேகவைக்கிறார்கள். வெந்ததும் அதனை மிக்ஸியில் இட்டு, ஒரு சிறு கட்டியும் இல்லாதபடி பசைபோல் அரைத்துவிடுகிறார்கள். தொலைபேசியில் படம் காட்டிக்கொண்டே, குழந்தை கவனியாத நேரம் பார்த்து ஒவ்வொரு கரண்டியாக உள்ளே தள்ளுகிறார்கள். ஒரு வயது கடந்தும் இது தொடர்கிறது. பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்து கொடுத்தால் குழந்தை குமட்டித் துப்பிவிடுகிறது. ‘எங்கள் குழந்தைக்கு மெல்லத் தெரியவில்லை’ என்று மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

முதல் வீட்டில் உணவு நீர்த்துப்போயிற்று. இரண்டாவது வீட்டில் அது அளவுக்கு மீறி அரைபட்டுப்போயிற்று. இரு வீடுகளிலும் அடிப்படைக் குறை ஒன்றே. குழந்தை வளர்ந்துகொண்டிருக்க, அதன் உணவு ஆறாம் மாதத்திலேயே நின்றுவிட்டது.

முதலில் நீர்த்த கஞ்சியின் கணக்கைப் பார்ப்போம். ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளையில் கொள்ளக்கூடியது ஏறத்தாழ 200 மில்லி லிட்டர். நீராளமான கஞ்சியில் 100 மில்லிக்கு 30 கிலோ கலோரி அளவே இருக்கும். வயிறு முட்டக் குடித்தாலும் ஒரு வேளைக்கு 60 கிலோ கலோரிதான் கிடைக்கும். வயிறு நிறைந்துவிட்டதால் குழந்தை தாய்ப்பாலையும் குறைத்துக்கொள்ளும். அதே கஞ்சி, கரண்டியிலிருந்து வழியாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால், 100 மில்லிக்கு 80 கிலோ கலோரி கிடைக்கும். அரைக் கிண்ணத்திலேயே 100 கிலோ கலோரி வந்துவிடும். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் மேலும் 40 கிலோ கலோரி கூடும். செலவு சில காசுகள்தான். ஆனால் குழந்தையின் வளர்ச்சியில் அதனால் விளையும் வேறுபாடு பெரிது.

இனி அரைத்த உணவைப் பார்ப்போம். மெல்லுவது பிறவியிலேயே முழுமையாக அமைந்த திறன் அன்று, பயிற்சியால் வருவது. நாக்கைப் பக்கவாட்டில் அசைத்து, உணவை ஈறுகளுக்கு இடையே கொண்டுவந்து நசுக்க, குழந்தை ஆறாம் மாதத்திற்கும் பத்தாம் மாதத்திற்கும் இடையே கற்றுக்கொள்கிறது. அதற்குப் பற்கள் முளைத்திருக்க வேண்டும் என்பதில்லை, ஈறுகளே போதும். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பெருந்தொகையான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மாதம் கடந்தபின் கட்டியுள்ள உணவைத் தொடங்கிய குழந்தைகளுக்கு 15 மாதத்தில் உண்ணும் தொல்லைகள் மிகுதியாக இருந்தன. 2009இல் வெளியான அதன் தொடர்ச்சி, அவர்கள் ஏழு வயதிலும் காய்கறி, பழங்களைக் குறைவாக உண்டதைக் கண்டது. உரிய காலத்தில் கொடுக்காத கட்டி உணவு பின்னர் சண்டையிட்டுக் கொடுக்கும் உணவாகிவிடுகிறது.

படிப்படியாக ஏறும் வழி

குழைவிலிருந்து திட உணவுக்குச் செல்லும் வழி கடினமானதன்று. ஆறு மாதம் நிறைந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில், நன்றாக மசித்த கெட்டியான உணவைத் தொடங்கலாம். நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. சோறும் பருப்பும் நெய்யும் கையால் மசித்தது, இட்லி, கேழ்வரகுக் கூழ், பெஹாலாவிலாயின் குழைந்த சோறும் வேகவைத்த வாழைக்காயும் கிழங்கும் எதுவாயினும் சரி. மிக்ஸி வேண்டாம், கரண்டியின் பின்புறமோ விரல்களோ போதும். வாரத்திற்கு வாரம் மசிப்பதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எட்டு மாத அளவில் குழந்தை பொருள்களைக் கையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. அப்போது வேகவைத்த கேரட்டோ, பழுத்த வாழைப்பழத் துண்டோ, மென்மையான இட்லித் துண்டோ கையில் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு. இடையில் ஓரிரு சிற்றுணவு. ஒரு வயது நிறைந்த குழந்தை, காரமும் உப்பும் குறைத்து எடுத்துவைத்த குடும்ப உணவையே உண்ணலாம். அப்போது ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை வேண்டும்.

சோறு மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முட்டை, மீன் அல்லது இறைச்சியை நாள்தோறும் கொடுக்க வேண்டும் என்கிறது. வங்காள வீடுகளில் மீனுக்குக் குறைவில்லை. ‘மௌரலா’ எனப்படும் சிறு மீனில் வைட்டமின் ஏ மிகுந்துள்ளது. ஆனால் மீன் பெரியவர்களுக்கு, குழம்பின் நீர் குழந்தைக்கு என்ற பழக்கம் பல இடங்களில் உண்டு. முள் நீக்கி மசித்த மீன், சத்தில்லாத குழம்பு நீரைவிடப் பன்மடங்கு மேல். மரக்கறி உண்ணும் குடும்பங்களில் பருப்பு, பால், தயிர், கீரை, மஞ்சள்நிறக் காய்கனிகள் ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நம் நாட்டுக் குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்று அதே குடும்பநல ஆய்வு காட்டியிருக்கும்போது, இது ஆடம்பர அறிவுரை ஆகாது.

தாய்மாரின் அச்சத்தையும் நாம் மதிக்க வேண்டும். கட்டியுள்ள உணவைக் கண்டு குழந்தை குமட்டுவது இயல்பு. அது உணவைத் தானே முன்னுக்குத் தள்ளிக்கொள்ளும் தற்காப்பு. சத்தமே எழாமல் மூச்சுத் தடைபடுவதுதான் ஆபத்து. நிமிர்ந்து உட்காரவைத்து, அருகிலிருந்து, அவசரமின்றி ஊட்டினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. முழு வேர்க்கடலை, கடலைப்பருப்பு, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவற்றை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. ஒரு வயது வரை தேனும் கூடாது. இவற்றைத் தெளிவாகச் சொன்னால் ‘கெட்டியாகக் கொடுங்கள்’ என்ற அறிவுரையைத் தாய் துணிந்து ஏற்பாள்.

நோயுற்ற நாளில் பட்டினி போடும் பழக்கமும் மாற வேண்டும். 1971இல், வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில், கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் காலராவிலிருந்து மீட்டார். வயிற்றுப்போக்கின்போது நீர் கொடுக்கலாகாது என்ற எண்ணத்தை அது தகர்த்தது. உணவு கொடுக்கலாகாது என்ற எண்ணம் இன்னும் முழுவதும் தகரவில்லை. நோயின்போது சிறுகச் சிறுகவும், நோய் நீங்கிய பின் சில நாட்களுக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகவும் ஊட்ட வேண்டும்.

சாலையின் கோடியில் ஒரு பாடம்

பெஹாலாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் மேலும் தெற்கே சென்றால், தாக்கூர்புகூர், ஜோக்கா கடந்து பைலான் வருகிறது. குழந்தை மருத்துவரான டாக்டர் சமீர் சௌதுரி 1974இல் தொடங்கிய ‘சைல்ட் இன் நீட் இன்ஸ்டிடியூட்’ என்னும் நிறுவனம் இவ்வட்டாரத்தில்தான் வளர்ந்தது. ஊட்டக்குறையால் மெலிந்த குழந்தையைத் தேற்றுவதோடு அங்கே பணி முடிவதில்லை. தாயும் உடன் தங்குகிறாள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தன் குழந்தைக்குத் தானே சமைத்து ஊட்டக் கற்றுக்கொள்கிறாள். தானியத்தையும் பருப்பையும் வறுத்து அரைத்த ‘நியூட்ரிமிக்ஸ்’ என்ற எளிய மாவு அங்கே உருவானது. மருந்துச் சீட்டைவிட ஊட்டக் கற்ற தாயின் கை நெடுங்காலம் வேலை செய்யும் என்பதே அப்பணியின் சாரம்.

இத்தகைய முயற்சிகள் வேறிடங்களிலும் நடந்துள்ளன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வெல்லம் ஆகிய நான்கையும் சேர்த்து ‘ஐதராபாத் கலவை’யை வகுத்தது. பரோடாவில் பேராசிரியை தாரா கோபால்தாஸ் 1980களில், முளைகட்டி உலர்த்திய தானியமாவைச் சிறிதளவு சேர்த்தால் கெட்டிக் கஞ்சி இளகும் என்று காட்டினார். நீர் ஊற்றாமலே கஞ்சி இளகுவதால் சத்தும் குறைவதில்லை, விழுங்குவதும் எளிதாகிறது. முளைகட்டிய கேழ்வரகை நம் பாட்டிமார் நெடுங்காலமாகப் பயன்படுத்தியதன் அறிவியல் அடிப்படை இதுவே.

தமிழ்நாட்டில் 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளையே இலக்காகக் கொண்டது. மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து, எடை ஏறியதும் நிறுத்தினார்கள். உணவை எல்லோர்க்கும் பொதுவாக வழங்குவதினும், தளர்ச்சி தொடங்கும் மாதத்திலேயே அதனைக் கண்டுபிடித்துத் தாயுடன் பேசுவதே முக்கியம் என்பது அதன் கொள்கை.

திட்டங்கள் செய்ய வேண்டியது

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வீட்டிற்கு எடுத்துச் செல்லும் உணவு வழங்கப்படுகிறது. 2018இல் தொடங்கிய போஷண் அபியான் கீழ், அங்கன்வாடிகளில் அன்னப்பிராசன தினமே கொண்டாடப்படுகிறது. மரபான ஒரு சடங்கை அரசு தன் பணிக்குத் துணையாகக் கொண்டது பாராட்டத்தக்கது. அதே 2018ஆம் ஆண்டு முதல் ஆஷா பணியாளர்கள் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் குழந்தையின் வீட்டிற்குச் செல்லவும் ஏற்பாடு உள்ளது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான புட்டிகளையும் டின் உணவுகளையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் 11.3 சதவீதம் என்றால், இடைவெளி எங்கே? மாவுப் பொட்டலம் எத்தனை வழங்கினோம் என்பது நம் பதிவேட்டில் இருக்கிறது. அப்பொட்டலம் எவ்வளவு நீரில் கரைந்தது, வீட்டில் எத்தனை பேர் பங்கிட்டுக்கொண்டார்கள், குழந்தையின் வாய்க்கு எவ்வளவு சென்றது என்பது இல்லை. ஆகவே மூன்று எளிய யோசனைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவதாக, அன்னப்பிராசன தினத்தோடு ஒன்பதாம் மாதத்திற்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். அன்று தாய்மாரின் முன்னே உணவைச் சமைத்துக் காட்டி, கரண்டியைச் சாய்த்துக் காட்ட வேண்டும். சாய்த்த கரண்டியில் நிற்பது உணவு, ஓடுவது தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும் சோதனை இது.

இரண்டாவதாக, வீட்டிற்குச் செல்லும் பணியாளர் ‘உணவு கொடுக்கிறீர்களா?’ என்று கேட்டு ‘ஆம்’ என்று குறித்துக்கொள்வதோடு நிறுத்தலாகாது. நேற்று எத்தனை வேளை, எவ்வளவு கெட்டி, சோற்றுடன் வேறென்ன, யார் ஊட்டினார்கள் என்ற நான்கையும் கேட்க வேண்டும். ஊட்டியது பாட்டியாயின் அறிவுரையும் பாட்டிக்கே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கடினமானது. 2017ஆம் ஆண்டுத் திருத்தப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதாவது, இணை உணவு தொடங்க வேண்டிய அதே வாரத்தில் விடுப்பு முடிகிறது. பெஹாலாவில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரமும் இல்லை. கட்டியுள்ள உணவை ஊட்ட நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். எட்டு வயது அக்காளிடம் அதனை எதிர்பார்ப்பது நீதியன்று. தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகங்கள் குடியிருப்புக்கு அருகிலேயே அமையாதவரை, நாம் கூறும் அறிவுரைகளில் பாதி காற்றோடு போகும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒரு வீட்டில், ஓர் எட்டு மாதக் குழந்தை உண்ணும் நேரத்தில், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கிண்ணத்தில் என்ன இருக்கிறது, குழந்தை வாயைத் திறக்கிறதா, ஊட்டுபவர் அதன் முகத்தைப் பார்க்கிறாரா, எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாட்டின் ஊட்டச்சத்துப் பிரச்சினையின் பெரும்பகுதி அந்த அரைமணியில் உங்களுக்கு விளங்கிவிடும்.

பெஹாலாவின் தாய்மாமன் முதற் கவளத்தை ஊட்டிவிட்டுத் தன் ஊர் திரும்பிவிடுவார். அது அவர் உரிமை. அத்துடன் அவர் கடமையும் முடிந்தது. அடுத்த கவளங்களுக்குத் தாய்க்குத் துணை நிற்பது நம் கடமை. அதை ஆறாம் மாதத்தில் தொடங்கி, குழந்தை குடும்பத்தோடு அமர்ந்து தன் கையால் சோறு எடுத்து உண்ணும் நாள்வரை தொடர்வோமாக.